தம்மை விட்டு ஒன்பது நாள்: வாய் மட்டும் அடங்க மாட்டேங்குது, எதை மெல்லலாம்?

பல்லாவரத்தான் | ஜனவரி 6, இரவு 10:52

டிசம்பர் 28-தான் கடைசி சிகரெட். புத்தாண்டு சபதம் எல்லாம் கிடையாது. காய்ச்சல்ல மூணு நாள் படுத்துட்டேன், அந்த மூணு நாளும் அடிக்கல, சரி அப்படியே விட்டுத்தான் பார்ப்போமேன்னு விட்டது. 14 வருஷப் பழக்கம். ஒரு நாளைக்கு 12. மாசக் கடைசியில 8, சம்பளம் வந்த வாரம் 15.

முதல் நாலு நாள் தூக்கம் போச்சு, வீட்ல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுந்தேன். அது இப்போ தணிஞ்சிருக்கு. தணியாதது வாய். சாப்பிட்டு எழுந்ததும், சாயங்காலம் நாலு மணி டீக்கு, ராத்திரி பஸ் ஸ்டாப்புல. இந்த மூணு நேரமும் வாயில எதையாவது வைக்கலன்னா பல்லைக் கடிக்கிறேன். ஆபீஸ்ல பேனா மூடி ரெண்டைக் கடிச்சே காலி பண்ணிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் இப்பல்லாம் பேனா கேட்டா கையெழுத்துப் போடற வரைக்கும் கூடவே நிக்கிறார்.

நிக்கோடின் கம் (சிகரெட் பழக்கத்தை நிறுத்த மெல்லற, நிக்கோடின் கலந்த சூயிங்கம்) வேண்டாம்னு இருக்கேன். முன்னாடி ஒரு தடவை அதுல விட்டு, அப்புறம் எட்டு மாசம் அந்தக் கம்மை விட முடியாம கெடந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்துல கம் தீர்ந்துபோய், மண்டபத்துக்கு வெளிய நின்னு பத்த வெச்சதோட அந்தக் கதை முடிஞ்சது. அதனால இந்தத் தடவை நிக்கோடின் இல்லாததா ஏதாவது சொல்லுங்க.

இன்னொண்ணு. வழக்கமா வாங்கற பெட்டிக்கடை அண்ணன் முந்தாநாள் ஒரு பாக்குப் பொட்டலம் குடுத்தார். “இதுல புகையிலையும் கிடையாது, நிக்கோடினும் கிடையாது, தைரியமாப் போடுங்க”ன்னார். அட்டையிலயும் அப்படித்தான் போட்டிருக்கு. ரெண்டு நாளா போடறேன். உண்மையைச் சொன்னா நல்லாத்தான் இருக்கு. இதையே தொடரலாமா?

டீக்கடைபெஞ்ச் | ஜனவரி 6, இரவு 11:15

வாழ்த்துகள் தலைவரே. ஒன்பது நாள்ங்கறது சும்மா இல்ல.

நான் விட்டு ஆறு வருஷம். சோம்பும் டைமண்ட் கற்கண்டும் சரிபாதி கலந்து ஒரு சின்ன டப்பாவுல போட்டு, சிகரெட் பாக்கெட் இருந்த அதே சட்டைப் பையில வெச்சேன். அந்த இடம்தான் முக்கியம். கை நம்மளைக் கேக்காம அங்க போகும்ல, போற கைக்கு ஏதாவது கிடைக்கணும். ஒரு வாரத்துல கற்கண்டைப் பொறுக்கித் தின்னுட்டு சோம்பை மிச்சம் வெச்சேன்ங்கறது வேற விஷயம்.

நெஞ்சுறுதி | ஜனவரி 7, காலை 6:02

மன்னிக்கணும், ஒத்துக்க முடியல. ஒண்ணை விட்டு இன்னொண்ணைப் பிடிக்கறதுக்குப் பேர் விடறது இல்ல. நான் 1998-ல ஒரே நாள்ல நிறுத்தினேன். மிட்டாயும் இல்ல, சோம்பும் இல்ல. மனசு வெச்சா போதும். மெல்லறதெல்லாம் சாக்கு.

கும்பகோணத்தார் | ஜனவரி 7, காலை 7:40

இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? நம்ம வீட்ல இல்லாததா? கொழுந்து வெத்தலை ரெண்டு, கொஞ்சம் சீவல், நகக்கண் அளவு சுண்ணாம்பு. புகையிலை மட்டும் சேக்காதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா ஜீரணத்துக்கும் ஆச்சு, வாய்க்கும் வேலை ஆச்சு. எங்க தாத்தா 86 வயசு வரைக்கும் போட்டார், ஒரு பல் ஆடல. அந்தப் பொட்டலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

மருந்தாளுநர்77 | ஜனவரி 7, காலை 9:25

பல்லாவரத்தான், மருந்துக்கடையில நிக்கிறவன்ங்கற முறையில ஒரு விஷயம். “நிக்கோடின் இல்லாத கம் வேலை செய்யுமா” என்ற கேள்விக்கு ஒரு வகையில பதில் இருக்கு, ஆனா அதை யாரும் அந்தக் கண்ணோட்டத்துல பார்க்கறது இல்ல. நிக்கோடின் கம்மைச் சோதிச்ச ஆய்வுகள்ல பாதிப் பேருக்கு நிஜக் கம், மீதிப் பாதிப் பேருக்குப் பெரும்பாலும் பார்க்க அதே மாதிரி இருக்கற வெறும் கம். அந்த வெறும் கம்தான் நீங்க கேக்கறது. அதை மென்னவங்களிலும் விட்டவங்க இருக்காங்க. ஆனா நிக்கோடின் உள்ளதை மென்னவங்களில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பேர் விட்டாங்க. பல ஆய்வுகளைச் சேத்து அலசற காக்ரேன்ங்கற அமைப்போட 2018 தொகுப்பாய்வு கம், தோல்ல ஒட்டற நிக்கோடின் பட்டை எல்லாம் சேர்த்து 133 ஆய்வுகள், 64,000-க்கு மேல ஆட்களைக் கணக்குல எடுத்துச் சொன்னது இது.

அதனால மெல்லறதுக்குப் பயன் இல்லன்னும் சொல்ல மாட்டேன், அது மருந்துக்கு மாற்றுன்னும் சொல்ல மாட்டேன். வாயோட பசி வேற, மூளையோட பசி வேற. நீங்க மூளைப் பசியோட உச்சத்தைத் தாண்டிட்டீங்க. அது சாதாரணமா ரெண்டாவது மூணாவது நாள்ல உச்சிக்குப் போகும், ரெண்டுல இருந்து நாலு வாரத்துல இறங்கும். இனிமே வர்றதுல பெரும்பங்கு பழக்கம்தான். அதுக்கு வெறும் மெல்லல் போதும்.

@நெஞ்சுறுதி ஐயா, ஒரே நாள்ல விட்டவங்களை நான் மதிக்கறேன். உலகத்துல சிகரெட்டை விட்டவங்கள்ல பெரும்பாலானவங்க உங்களை மாதிரி எந்தத் துணையும் இல்லாமத்தான் விட்டிருக்காங்க. ஆனா துணையில்லாம எடுக்கற ஒரு தனி முயற்சியை எடுத்துப் பாத்தா, வருஷம் தாண்டி நிக்கறவங்க நூத்துக்கு 3 முதல் 5 பேர். விழுந்த மிச்சப் பேரு நெஞ்சுறுதி இல்லாதவங்களா?

பாக்குப் பொட்டலம் பத்தி வேற யாராவது சொல்லுங்க. எனக்கு அது சரியாப் படல.

நெஞ்சுறுதி | ஜனவரி 7, காலை 9:50

நான் யாரையும் குறை சொல்லல. 98-க்கு முன்னாடி நானும் நாலு தடவை விழுந்தவன்தான். அதை எழுதாம விட்டது என் தப்பு.

மூணுவிரல் | ஜனவரி 7, பகல் 1:18

பல்லாவரத்தான், அந்தப் பொட்டலத்தை இப்பவே குப்பையில போடுங்க. போட்டுட்டு மீதியைப் படிங்க.

எனக்கு 41 வயசு, மதுரைப் பக்கம். 29-வது வயசுல சிகரெட்டை விட்டேன். உங்களை மாதிரியே வாய் ஊறிக்கிட்டே இருந்துச்சு. உங்களை மாதிரியே ஒரு கடைக்காரர், அதே பேச்சு. புகையிலை இல்ல, நிக்கோடின் இல்ல. பொய்யும் இல்ல பாருங்க. உணவுப் பொருள்ல புகையிலையோ நிக்கோடினோ சேக்கக் கூடாதுன்னு 2011-லயே உணவுப் பாதுகாப்பு விதிமுறை வந்தாச்சு. அதனால அட்டையில போட்டிருக்கறது சரிதான். உள்ள இருக்கறது பாக்கு. நான் பாக்கை ஒரு பொருளாவே நினைக்கல. கல்யாண வீட்டுத் தாம்பாளத்துல வைக்கறது, அதுல என்ன வந்துரப் போகுதுன்னு இருந்தேன்.

நாளைக்கு ரெண்டு பொட்டலத்துல ஆரம்பிச்சு மூணாவது வருஷம் பத்து. சிகரெட்டை விட்டதுக்கு வீட்ல பெருமை. என் மாமனார் நாலு பேருகிட்ட சொல்லிக் காட்டுவார்.

நாலாவது வருஷம் குழம்பு காந்த ஆரம்பிச்சது. எப்பவும் சாப்பிடற அதே புளிக்குழம்பு. “காரத்தைக் கூட்டிட்ட”ன்னு வீட்டுக்காரிகிட்ட சண்டை. அவ எனக்காக மிளகாயைக் குறைச்சுக் குறைச்சு, கடைசியில பிள்ளைங்க “அம்மா, சப்புன்னு இருக்கு”ன்னுச்சு. அப்பவும் எனக்கு உறைக்கல. ஒரு நாள் வடையைக் கடிக்க வாயைத் திறக்கறேன், வடை உள்ள போகல. பல் வலின்னு நினைச்சு டாக்டர்கிட்ட போனேன். “மூணு விரலைச் சேத்து செங்குத்தா வாய்க்குள்ள வைங்க”ன்னார். ரெண்டுதான் போச்சு.

பேரைச் சொன்னார், நாரிழைத் தடிப்பு நோய்னு. கன்னத்துக்கு உள்பக்கம் தழும்பு மாதிரி இறுகிப்போயி, ரப்பராட்டம் இழுக்கற தசை கயிறாட்டம் ஆயிரும். இனிமே பழைய மாதிரி வராது, மேற்கொண்டு இறுகாமப் பாத்துக்கலாம்னார். அன்னைக்கு 24 மில்லிமீட்டர் திறந்துச்சு. சாதாரண ஆளுக்கு 40-க்கு மேல திறக்கும்.

இந்தப் பேரை நான் வெச்சிக்கிட்டதுக்குக் காரணம் இதுதான். சிகரெட்டை விட்டு எனக்கு வந்த வியாதி.

டீக்கடைபெஞ்ச் | ஜனவரி 7, பகல் 1:31

படிச்சதும் எழுந்து போய் கண்ணாடி முன்னாடி மூணு விரலை வெச்சுப் பாத்தேன். போச்சு. எல்லாரும் ஒரு தடவை பாத்துருங்கப்பா.

பல்லும்சொல்லும் | ஜனவரி 7, இரவு 9:05

பல் மருத்துவர். மூணுவிரல் எழுதியதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கொஞ்சம் சேர்க்கிறேன்.

பாக்கில் அரிக்கோலின் என்ற பொருள் இருக்கிறது. சுறுசுறுப்பும் லேசான கிறுகிறுப்பும் வருவது அதனால்தான். “நல்லாத்தான் இருக்கு” என்று பல்லாவரத்தான் சொன்னாரே, அது சோம்பு மெல்லும்போது வருகிற நல்லா இல்லை. நிக்கோடின் போய் ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பிகளில் (மூளை செல்களில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்களில்) சிலவற்றில் அரிக்கோலினும் வேலை செய்வதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. சிகரெட் விட்டவருக்குப் பாக்கு இவ்வளவு பொருந்திப்போவது தற்செயல் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் பாக்கைத் தனியாகவே முதல் வகைப் புற்றுக்காரணி (மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானது) என்று அறிவித்தது. புகையிலை சேர்ந்தால்தான் என்று இல்லை. பாக்கு மட்டும் போதும். நாரிழைத் தடிப்பு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அது புற்றாகவும் மாறும், அதனால்தான் மூணுவிரல் போன்றவர்களைத் தொடர்ந்து வரச் சொல்கிறோம்.

@கும்பகோணத்தார் தாத்தாவைப் பற்றி: எந்தக் கிளினிக்கிலும் தினம் ஒரு தாத்தா கதை வரும். போட்டும் தப்பித்தவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். தப்பிக்காத தாத்தாக்களை யாரும் உதாரணத்துக்குச் சொல்வதில்லை. இன்னொன்று, தாத்தா நாளைக்கு எத்தனை தடவை போட்டார்? சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்பதும், சிகரெட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு என்பதும் ஒன்றல்ல. சிகரெட்டை விடுபவர் சிகரெட்டின் கணக்கில்தான் மெல்லுவார். எந்த மாற்றுப் பொருளையும் இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள்: இதை ஒரு நாளில் பன்னிரண்டு முறை, மூன்று மாதம் மெல்ல முடியுமா?

கும்பகோணத்தார் | ஜனவரி 7, இரவு 9:48

டாக்டரம்மா சொன்னா கேட்டுக்கறேன். தாத்தாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு ஏழு இருக்கும். கடைசி காலத்துல காரமே சேக்க மாட்டார், மோர் சாதம்தான். வயசானதாலன்னு நினைச்சோம். இப்ப யோசனையா இருக்கு.

சரி, வெத்தலையாவது போடலாமா, அதையும் பிடுங்கிடாதீங்க. ஊர் மானம் போயிரும்.

பல்லும்சொல்லும் | ஜனவரி 7, இரவு 10:01

இலை மேல் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மூன்றும் இல்லாமல் இலையில் சோம்பும் ஒரு கிராம்பும் ஏலக்காயும் வைத்து மடித்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தின் மானத்துக்கு நான் பொறுப்பு.

பல்லாவரத்தான் | ஜனவரி 7, இரவு 10:30

பொட்டலம் குப்பைக்குப் போச்சு. ரெண்டு நாள்ல ஒன்பது காலி பண்ணியிருக்கேன். இங்க கேட்டிருக்கலன்னா எங்க போய் நின்னிருப்பேனோ. மூணுவிரல் அண்ணே, நன்றின்னு ஒரு வார்த்தையில முடியாது.

மூலிகைமகிமை | ஜனவரி 8, காலை 5:45

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | ஜனவரி 8, காலை 8:10

மூலிகைச் சூயிங்கம் விற்பனை, வாட்ஸாப் எண் எல்லாம் இங்கே வேண்டாம். 21 நாளில் உத்தரவாதம் என்று எழுதுகிற எதையும் அழித்துவிடுவேன். மூலிகை சிகரெட் பற்றி உள்பெட்டியில் கேட்டவருக்கும் சேர்த்து: அதில் நிக்கோடின் இல்லாவிட்டாலும் எரிந்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். இந்த உரையாடல் இழை மெல்லுவது பற்றியது.

சமையக்கட்டு | ஜனவரி 8, பகல் 11:20

ஈரோட்டுல இருந்துங்க. எங்க வீட்டுக்காரர் விட்டு ஒரு மாசம் ஆகுதுங்க. அவருக்கு 52 வயசு. நாட்டு மருந்துக் கடையில அதிமதுரக் குச்சி வாங்கிக் குடுத்தேன். குச்சி மாதிரி வாயில வெச்சுக்கலாம், இனிப்பாவும் இருக்கும், சக்கரை சேராதுன்னு. அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுங்க, நாளெல்லாம் அதுதான். பிபி மாத்திரை சாப்பிடறவர். பரவாயில்லைங்களா? பாக்குக் கதையைப் படிச்சதுல இருந்து மனசு திக்குனு இருக்குதுங்க.

மருந்தாளுநர்77 | ஜனவரி 8, பகல் 12:02

அக்கா, நிறுத்தச் சொல்லுங்க. பயப்பட வேண்டாம், ஆனா இன்னைக்கே நிறுத்தட்டும். அதிமதுரத்துல இருக்கற கிளைசிரைசின் உடம்புல உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தை இறக்கும், ரத்த அழுத்தத்தை ஏத்தும். 40 வயசு தாண்டினவங்க அதிமதுர மிட்டாயை நாளுக்கு 57 கிராம் வீதம் ரெண்டு வாரம் தின்னாலே இதயத் துடிப்பு தாறுமாறா ஆகலாம்னு அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை குடுத்திருக்கு. தொண்டை கரகரப்புக்கு ஒரு நாள் ரெண்டு நாள் சப்பறது வேற, நாள் முழுக்க வாயில வெச்சிருக்கறது வேற. டாக்டரம்மா சொன்ன பன்னிரண்டு தடவைக் கணக்குல இது தோத்துடும். பிபியை ஒரு தடவை பாத்துட்டு, அவர் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.

குச்சிதான் வேணும்னா லவங்கப்பட்டைக் குச்சியை உதட்டுல வெச்சுக்கலாம், மென்னு முழுங்காம. இல்லன்னா கேரட்டை நீளவாக்குல விரல் தடிமனுக்கு நறுக்கி ஒரு டப்பாவுல போட்டுக் குடுங்க.

மேகமூட்டம் | ஜனவரி 8, மாலை 6:33

நான் பெங்களூரு, 24 வயசு, சிகரெட் இல்ல, வேப் (மின்சிகரெட்). 2019-லயே சட்டம் போட்டு எல்லாத்தையும் தடை பண்ணாங்க, நிக்கோடின் இல்லாததையும் சேர்த்துதான், ஆனா எங்க காலேஜ் பக்கம் கேட்ட கடையில கிடைக்கும். விட்டு 5 நாள். எனக்கு வாய் பிரச்சினை இல்ல ப்ரோ, தொண்டைல அந்த ‘அடி’ இல்லாம வெறுமையா இருக்கு. சோம்பு எல்லாம் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கு.

டீக்கடைபெஞ்ச் | ஜனவரி 8, மாலை 7:01

தொண்டைக்குத்தானே? மொளகு ரெண்டு, கிராம்பு ஒண்ணு, சேத்துக் கடி. அப்புறம் குழந்தை விளையாட்டுன்னு சொல்லு பாப்போம்.

மேகமூட்டம் | ஜனவரி 8, மாலை 7:20

யப்பா. கண்ல தண்ணி.

பல்லும்சொல்லும் | ஜனவரி 8, இரவு 8:15

கிராம்பு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், அதிலிருக்கும் எண்ணெய் ஈறை மரத்துப்போகச் செய்யும், அதிகமானால் புண்ணாக்கும். எண்ணெயை நேரடியாக வைக்கவே வேண்டாம். தோலெடுத்த இஞ்சியை மெல்லியதாகச் சீவி உப்பும் எலுமிச்சையும் பிசறி வெயிலில் காய வைத்தால் தொண்டைக்கு நல்ல காட்டம் கொடுக்கும். இன்னொரு வழி: காகித ஸ்ட்ராவை விரல் நீளத்துக்கு வெட்டி, புதினா இலையை மென்றபடி அதன் வழியாகக் காற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். குளிர்ச்சி தொண்டையில் போய் இறங்கும்.

சுன்னாகம்_டொராண்டோ | ஜனவரி 9, காலை 4:12

இஞ்ச பின்னேரம். இழையை முழுக்க வாசிச்சன். எங்கட அப்பப்பா யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டிலிலை வேலை செய்தவர். சுருட்டு அவருக்குக் காசு குடுக்காமல் கிடைக்கிற சாமான், பிறகு எப்பிடி விடுறது? அறுபது வயதிலை இருமல் வந்து பரியாரி (நாட்டு வைத்தியர்) சொல்லித்தான் விட்டவர். விட்டாப் பிறகு அவற்றை மடியிலை எப்பவும் புழுக்கொடியல் இருக்கும். அவிச்ச பனங்கிழங்கைக் காயவைச்சது. கல்லு மாதிரி, ஒரு துண்டைச் சப்பி முடிக்கக் கால் மணித்தியாலம் வேணும். “சுருட்டு எவ்வளவு நேரம் எரியுமோ அவ்வளவு நேரம் இது கிடக்கும்” எண்டு சொல்லுவார்.

எனக்கு அது இப்பதான் விளங்குது. சுவையில்லை விசயம், நேரம்.

மருந்தாளுநர்77 | ஜனவரி 9, காலை 8:40

அப்பப்பா எங்களை விடப் பெரிய ஆள். ஒரு உந்துதல் வந்தா பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிஷத்துல அடங்கிடும். மிட்டாய் ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சு போயிடும், அப்புறம் மூணாவது நாலாவதுன்னு போடுவோம். விட்ட முதல் வருஷத்துல சராசரியா நாலஞ்சு கிலோ எடை கூடறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஒரே துண்டு பத்து நிமிஷம் நின்னா அதுதான் சரியான சரக்கு.

தேக்காவாசி | ஜனவரி 9, காலை 11:55

சிங்கப்பூர்ல இருந்து. இங்க நம்ம பாடு வேடிக்கை. 1992-லிருந்து சூயிங்கம் இறக்குமதியும் விற்பனையும் தடை. 2004-ல அமெரிக்காவோட வணிக ஒப்பந்தம் வந்தப்பதான் நிக்கோடின் கம்முக்கும் பல்லுக்கான சர்க்கரை இல்லாத கம்முக்கும் வழி விட்டாங்க, அதுவும் மருந்தாளுநர்கிட்ட, இல்லன்னா பல் டாக்டர்கிட்டதான். சாதாரணக் கம்மை மென்னு சிகரெட்டை விடறதுங்கறது இங்க நினைச்சுப் பாக்க முடியாதது. நான் தேக்கா மார்க்கெட்டுல ஏலக்காய் வாங்கித் தோலோட மென்னு விட்டவன். விலை கட்டுப்படியாகாது, ஆனா சிகரெட் விலைக்கு முன்னாடி ஏலக்காய் மலிவு.

சர்க்கரை இல்லாத கம் மெல்லறவங்களுக்கு ஒண்ணு. அதுல இனிப்புக்காகச் சேக்கற சார்பிட்டால் அளவு மீறினா வயித்தைக் கலக்கிடும். பட்டவன் சொல்றேன், எம்ஆர்டி ரயில்ல, ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல.

டீக்கடைபெஞ்ச் | ஜனவரி 9, பகல் 12:10

இதுக்கு மேல விவரம் கேக்க மாட்டோம் அண்ணே.

பல்லும்சொல்லும் | ஜனவரி 9, பகல் 2:30

சைலிட்டால் என்ற இனிப்பு போட்ட கம் பல்லுக்கு நல்லது. ஆனால் வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அதற்குக் கொஞ்சமே விஷம். தாடை வலிக்க ஆரம்பித்தால் கம்மை ஒரு வாரம் நிறுத்துங்கள்.

பல்லாவரத்தான் | ஜனவரி 20, இரவு 11:08

ரெண்டு வாரம் எழுதல. காரணம் சொல்லிடறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ மச்சானோட சேந்து ஒண்ணு அடிச்சேன். ஒண்ணுதான், மறுநாள் இல்ல. அதைச் சொல்லாம இங்க எழுத மனசு வரல.

அதுல ஒரு விஷயம் நடந்துச்சு. பொங்கல்னா பனங்கிழங்கு. அம்மா ஒரு குண்டான் அவிச்சு வெச்சிருந்தாங்க. சிகரெட் அடிச்சிட்டு வந்த குற்ற உணர்ச்சியில திண்ணையில உக்காந்து நார் நாரா உரிச்சுத் தின்னுட்டே இருந்தேன். டொராண்டோ அண்ணனோட அப்பப்பா ஞாபகம் வந்துச்சு. உரிக்கக் கைக்கு வேலை, மெல்லத் தாடைக்கு வேலை, நாரைத் துப்ப எழுந்து போறதுக்குக் காலுக்கும் வேலை. பல்லாவரம் சந்தையில கட்டுக் கட்டா வாங்கிட்டு வந்து ஆபீஸுக்கே கொண்டு போறேன். பேனாக்காரர் பாதி தின்னுடறார், நட்பு திரும்பிருச்சு.

கிழங்கு இல்லாத நேரத்துக்கு நெல்லி வற்றல். உப்பு போட்டுக் காயவெச்சது. கடிகாரம் பாத்தேன், ஒரு துண்டு ஏழெட்டு நிமிஷம் நிக்குது. ஆனா ரெண்டாவது நாள்லயே வாயெல்லாம் புண்ணு. இது வற்றலாலயா? அந்த ஒன்பது பொட்டலத்தாலயான்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல.

இன்னொரு கேள்வி. விட்டு மூணு வாரம் தாண்டியும் கை நடுங்குது, படபடப்பு. நாலு மணிக்கு டீக்குப் பதிலா இப்ப ஸ்ட்ராங் காபி குடிக்கறேன், சுறுசுறுப்புக்கு. அப்படியும் படபடப்பு போகல.

மருந்தாளுநர்77 | ஜனவரி 21, காலை 9:12

போகாது தம்பி, வர்றதே காபியால. சிகரெட் புகையில இருக்கற சில பொருள்கள் கல்லீரல்ல காபீனைச் சிதைக்கற நொதியைத் தூண்டி விடும். அதனால புகைக்கறவங்க உடம்புல காபி சீக்கிரம் கழிஞ்சு போகும். விட்டதும் அந்த நொதி பழைய அளவுக்கு இறங்கிடும். அதே டம்ளர் காபி ரத்தத்துல ஏறக்குறைய ரெண்டு மடங்கா நிக்கும். இதைச் செய்யறது புகை, நிக்கோடின் இல்ல. பல பேர் காபிப் படபடப்பைச் சிகரெட் ஏக்கம்னு நினைச்சு திரும்பப் பத்த வெச்சிடறாங்க. பாதியாக் குறைங்க. ஒரு வாரத்துல அடங்கலன்னா டாக்டரைப் பாருங்க.

அந்த ஒண்ணை நினைச்சு மறுபடி தொடங்கிடாதீங்க. ஏக்கம் தாங்காத நாள்ல 1800-11-2356-க்குக் கூப்பிடுங்க, சிகரெட் அட்டையிலயே போட்டிருக்கற அதே எண்தான், காசு கிடையாது. அதையும் தாண்டிப் போச்சுன்னா கம் மேல கோபத்தை விட்டுட்டு ஒரு தடவை பேசுவோம். நீங்க போன தடவை கம்மை மென்ன விதத்துலயே தப்பு இருந்திருக்கும்னு நினைக்கறேன். அதைச் சாதாரணக் கம் மாதிரி நிறுத்தாம மெல்லக் கூடாது. சுருக்குன்னு காரம் வந்ததும் கன்னத்துல ஒதுக்கணும், காரம் போனதும் மறுபடி ஒண்ணு ரெண்டு கடி. நிறுத்தறதுக்கும் படிப்படியா எண்ணிக்கையைக் குறைக்கணும்.

பல்லும்சொல்லும் | ஜனவரி 21, பகல் 1:40

புண்ணைப் பற்றி: சிகரெட்டை விட்ட முதல் சில வாரங்களில் வாய்ப்புண் வருவது சாதாரணம். நிறையப் பேர் இதைப் பார்த்துத்தான் “விட்டதால் உடம்பு கெட்டது” என்று திரும்பிப் போகிறார்கள். தானாக ஆறும். அதுவரை நெல்லியும் புளிப்பும் வேண்டாம், கிழங்கு தொடரட்டும். ரெண்டு நாள் பாக்கால் நாரிழைத் தடிப்பு வராது, நிம்மதியாகத் தூங்குங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை மட்டும் கட்டாயம் காட்டுங்கள்.

சமையக்கட்டு | ஜனவரி 22, காலை 10:05

அவருக்குப் பிபி 160-க்கு மேல இருந்துச்சுங்க. குச்சியை நிறுத்திப் பத்து நாளைக்கு அப்புறம் பாத்தா இறங்கியிருக்குது. டாக்டர் மாத்திரையை மாத்தலைங்க. இப்போ கேரட்டுங்க. நீளமா நறுக்கித் தராட்டி கோவிச்சுக்கறார், வட்டமா நறுக்கினா “இதை எப்படிப் புடிக்கறது”ங்கறார்.

கும்பகோணத்தார் | ஜனவரி 22, மாலை 5:17

பாக்கு இல்லாத வெத்தலை பத்து நாளா. முதல் ரெண்டு நாள் பல்லுக்குப் பிடிமானமே இல்ல, இலையைத் தின்னற ஆடாட்டம் இருந்துச்சு. கொப்பரைத் தேங்காயைச் சீவல் மாதிரி மெலிசாச் சீவி உள்ள வெச்சேன். இப்ப சரியா இருக்கு. வாய் சிவக்கல, அது ஒண்ணுதான் குறை. வீட்டம்மா அதைக் குறைன்னு சொல்லல.

மேகமூட்டம் | பிப்ரவரி 11, இரவு 9:44

39 நாள். மொளகு கிராம்பு விட்டாச்சு, காய்ஞ்ச இஞ்சிதான். ஹாஸ்டல்ல மூணு பேரு என்கிட்ட இஞ்சி கேக்கறாங்க, அதுல ரெண்டு பேரு வேப் அடிக்கறதே இல்ல.

மூணுவிரல் | மார்ச் 2, காலை 7:30

பல்லாவரத்தான், எப்படி இருக்கீங்க? நேத்து பரிசோதனைக்குப் போயிருந்தேன். 27 காட்டுச்சு. ஏழு வருஷமா ஐஸ் குச்சிகளை அடுக்கி வாயில வெச்சுப் பயிற்சி பண்றேன், மூணு மில்லிமீட்டர் ஏறியிருக்கு. வடை இன்னும் பிட்டுத்தான் போடணும்.

பல்லாவரத்தான் | மார்ச் 2, இரவு 8:55

அண்ணே, பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. நீங்க எழுதினதை அச்செடுத்து அந்தப் பெட்டிக்கடை அண்ணன்கிட்ட குடுத்தேன். படிச்சார். ஒண்ணும் பேசல. பொட்டலத்தை விக்கறதை நிறுத்தல, அவர் பொழப்பு அது. ஆனா எனக்கு வாழைப்பழத்தைத் தள்ளி வெச்சார். அவரும் பாக்கு போடறவர்தான். மூணு விரலை வெச்சுப் பாருங்கண்ணேன்னேன். கடையில ஆள் இருக்கு, அப்புறம் பாக்கறேன்னார்.

பனங்கிழங்கு சீசன் முடிஞ்சு போச்சு. சந்தைக்காரம்மா அடுத்த தைக்கு வாங்கறாங்க. நாலு மணிக்கு எதை மெல்லறது?

டீக்கடைபெஞ்ச் | மார்ச் 2, இரவு 9:10

ஜிஎஸ்டி ரோட்டுல வெள்ளரிப்பிஞ்சு வந்தாச்சு தலைவரே. உப்பு, மொளகாத்தூள் தனியாக் கட்டி வாங்குங்க.